எத்தனை நாள் எழுதட்டும்?

பரிசோதனை முடிந்தது. மருந்து எழுதி, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லியும் ஆயிற்று. எழுந்து கதவு வரை போனவர் திரும்பிப் பார்க்கிறார். "டாக்டர், வேலை செய்யற இடத்துல கேப்பாங்க. ஒரு லெட்டர் வேணும்." மூடிவைத்த பேனாவை மறுபடி எடுக்கிறேன். "எத்தனை நாள் எழுதட்டும்?"

இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கேள்வியை நோயாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "எத்தனை மாத்திரை எழுதட்டும்?" என்று நான் யாரையும் கேட்டதில்லை. "எத்தனை தையல் போடட்டும்?" என்றும் கேட்டதில்லை. விடுப்புக்கு மட்டும் ஏன் கேட்டேன்? எனக்கு விடை தெரியாது, அதனால்தான். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளாமல், கேள்வியை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் மூன்று நாள் என்றால் மூன்று, ஒரு வாரம் என்றால் "அவ்வளவு வேண்டாம், அஞ்சு நாள் போதும்" என்று ஒரு பேரம். கடைசியில் கையெழுத்தும் முத்திரையும். அந்தத் தாளைப் பார்க்கிறவர் அதை மருத்துவ முடிவு என்றே எடுத்துக்கொள்வார்.

மருத்துவச் சான்றிதழ் பற்றிக் கல்லூரியில் எனக்குச் சொல்லித் தந்ததெல்லாம் தடயவியல் வகுப்பில்தான். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் என்ன ஆகும், எந்தப் பதிவை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பது மாதிரியான விஷயங்கள். அவசியமான பாடம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதரால் அவருடைய வேலையைச் செய்ய முடியுமா முடியாதா என்று எப்படித் தீர்மானிப்பது? அதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. நோயைக் கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். நோயைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றது தானே தெரிந்துவிடும் என்று நாங்களும் நம்பினோம்.

தெரியாது. ஒரே வாரத்தில் வந்த இரண்டு பேர் எனக்கு அதைப் புரியவைத்தார்கள். ஒருவர் கணக்கு எழுதுகிறவர். கணுக்கால் எலும்பு முறிந்து, முழங்கால் வரை கட்டு, இரண்டு பக்கமும் ஊன்றுகோல். பார்த்தவர்கள் எல்லாம் எழுந்து இடம் விட்டார்கள். அவர் கேட்டதோ, "காலைத் தூக்கி வெச்சுக்க ஒரு ஸ்டூல் இருந்தா போதும் டாக்டர், நான் வேலைக்குப் போயிடுவேன்." இன்னொருவர் ஆசிரியை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நடை உடையில் ஒரு குறையும் இல்லை. தொண்டை மட்டும் கரகரத்தது. காது மூக்கு தொண்டை நிபுணர் உள்ளே பார்த்து, குரல்நாண்களில் சிறு முடிச்சுகள் என்று எழுதியிருந்தார். முறிந்த எலும்போடு ஒருவர் வேலை செய்யலாம். மிளகளவுகூட இல்லாத முடிச்சோடு இன்னொருவரால் முடியாது. நோயின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இதை எந்த மருத்துவராலும் சொல்லிவிட முடியாது.

ஸ்வீடனில் இதை ஒரு சங்கிலியாக எழுதச் சொல்கிறார்கள். முதலில் என்ன நோய். அதனால் உடலின், மனத்தின் எந்தச் செயல்பாடு குறைந்திருக்கிறது. அதனால் எந்தக் காரியத்தை அவரால் செய்ய முடியவில்லை. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் சான்றிதழ் நிற்கும். மனிதரின் செயல்பாட்டையும் இயலாமையையும் வகைப்படுத்த உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்றுக்கொண்ட ஐசிஎஃப் என்ற வகைப்பாட்டின் சிந்தனையும் இதுவேதான். எழுதிப் பார்க்காதவருக்கு இது சுலபமாகத் தோன்றும். அந்த நாட்டு மருத்துவர்கள் எல்லோரிடமும் 2008-இல் ஒரு பெரிய கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். வேலைத்திறனை மதிப்பிடுவதுதான் கஷ்டம் என்று பொதுமருத்துவர்களில் ஏராளமானோர் சொல்லியிருந்தார்கள். நோயாளியோடு கருத்து மாறுபடும்போது என்ன செய்வது, வேறொரு மருத்துவர் தொடங்கிய விடுப்பை நீட்டச் சொன்னால் என்ன செய்வது என்பவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. படித்தபோது, முகம் தெரியாத யாரோ என் அறையில் உட்கார்ந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்த ஒரே மாற்றம், கேள்வியை மாற்றியதுதான். "எத்தனை நாள்?" என்பதை விட்டேன். "காலையில வேலைக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க? அங்கேயிருந்து சொல்லிட்டு வாங்க" என்று கேட்க ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். வெளியே காத்திருக்கிறவர்கள் பொறுமை இழப்பார்கள். இருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டதை எந்த ஸ்கேனும் எனக்குக் காட்டியதில்லை.

சுமை தூக்குகிறவரிடம் எத்தனை கிலோ என்று கேட்பது போதாது என்று தெரிந்தது. தரையிலிருந்தா, இடுப்பு உயரத்திலிருந்தா? தூக்கி நேராக வைப்பதா, உடம்பைத் திருப்பி வைப்பதா? ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை? கூடப் பிடிக்க ஆள் உண்டா? இருபது கிலோவை இடுப்பு உயரத்தில் நகர்த்துகிறவருக்கு வராத வலி, எட்டுக் கிலோவைக் குனிந்து எடுத்துத் திரும்பி வைக்கிறவருக்கு வரும். கணினி முன் உட்காருகிறவரிடம், இடையில் எழுந்து நடக்க அவருக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நாற்காலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் எழுந்திருக்க விடாவிட்டால் பயனில்லை.

சிறுநீர்த் தொற்றுக்காக ஒரு பெண் நான்காவது முறையாக வந்திருந்தார். நான்கு முறையும் மருந்து, நான்கு முறையும் மூன்று நாள் விடுப்பு. அன்றுதான் காலையிலிருந்து சொல்லச் சொன்னேன். தொழிற்சாலையில் நிற்காமல் ஓடும் உற்பத்தி வரிசையில் வேலை, மாற்றி நிற்க ஆள் வந்தால்தான் கழிவறைக்குப் போக முடியும், ஆள் வருவதில்லை. "அதனால தண்ணியே குடிக்கறதில்ல டாக்டர்" என்றார், நான் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார் என்கிற தொனியில். அவருக்குத் தேவைப்பட்டது விடுப்பே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம். அதை மருத்துவக் காரணத்தோடு எழுதிக் கொடுத்தேன். அடுத்த தடவை அவர் வந்தது வேறு எதற்கோ.

விடுப்பை நாங்கள் கருணையாக நினைக்கிறோம். அதையும் மருந்து மாதிரி அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது முதுகுவலியில் நன்றாகத் தெரியும். என் ஆசிரியர்களின் தலைமுறையில் முதுகுவலி என்றால் படுக்கை ஓய்வு, பலகைக் கட்டில், வாரக்கணக்கில். 1986-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோவும் கூட்டாளிகளும் 203 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு இரண்டு நாள் ஓய்வு, சிலருக்கு ஏழு நாள். வேறு எந்த வகையிலும் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு நாள் சொல்லப்பட்டவர்கள் மட்டும் 45 சதவீதம் குறைவான வேலைநாட்களையே இழந்திருந்தார்கள். 1995-இல் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களிடம் செய்த ஆய்வு இன்னொரு படி மேலே போனது. படுத்திருந்தவர்களையும், தனியாக உடற்பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்தவரை வழக்கமான வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று அன்போடு பதினைந்து நாள் எழுதிக் கொடுத்த எத்தனை பேருக்கு நான் கெடுதல் செய்திருக்கிறேன் என்று அதைப் படித்த பிறகு கணக்குப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

எதிர்ப் பக்கத்தில் செய்த தவறு இதைவிட வலிக்கும். தொழிலுக்கு வந்த புதிதில், சரக்குக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் ஆறாவது வாரமாக முதுகுவலிக்கு விடுப்பு நீட்டிக்க வந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கால் நரம்பில் பலவீனம் இல்லை. கார்டன் வாடெல் என்ற எலும்பு மருத்துவர் 1980-இல் விவரித்த சில அறிகுறிகளை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று, உச்சந்தலையை லேசாக அழுத்திப் பார்ப்பது. அதனால் இடுப்பு வலிக்க வேண்டிய காரணம் இல்லை. அழுத்தினேன். "ஐயோ, இடுப்பு!" என்றார். கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நடிக்கிறார் என்று முடிவு கட்டி, வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதி, அவர் முகத்தைப் பார்க்காமல் தாளை நீட்டினேன்.

அந்த அறிகுறிகள் நடிப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல என்பதை வாடெலே பின்னாளில் அழுத்திச் சொன்னார் என்று நான் வெகு தாமதமாகப் படித்தேன். வலியோடு பயமும் மனத்துயரமும் கலந்திருந்தால் அப்படி நடக்கும். அந்த மனிதர் சில மாதம் கழித்து மனைவியின் சர்க்கரை நோய்க்காக வந்தார். என் மேல் கோபமே காட்டவில்லை. பேச்சுவாக்கில்தான் சொன்னார், அவருடைய அப்பா சுமை தூக்கும்போது விழுந்து, கடைசி ஒன்பது வருடம் படுக்கையிலேயே இருந்தவர் என்று. "குனியும்போதெல்லாம் அவரு ஞாபகம்தான் டாக்டர் வரும்." ஆறு வாரமாக என் முன்னால் உட்கார்ந்திருந்தது அந்தப் பயம். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். உங்கள் முதுகு உங்கள் அப்பாவின் முதுகு இல்லை, குனிந்தால் ஒடிந்துவிடாது, பயப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து பழகுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் வைத்தியம். அதை விட்டுவிட்டு அவரைச் சந்தேகப்பட்டேன்.

வேலைத்திறன் பற்றிய அமெரிக்க மருத்துவ சங்கத்தின் வழிகாட்டி மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்கிறது. ஆபத்து, திறன், தாங்குசக்தி. வலிப்பு வந்தவர் வண்டி ஓட்டினால் அவருக்கும் மற்றவருக்கும் ஆபத்து, அதனால் கூடாது. தோள்மூட்டு இறுகிப்போனவரால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது, அது திறன். இந்த இரண்டையும் மருத்துவர் ஆதாரத்தோடு பேச முடியும். மூன்றாவது, செய்ய முடியும், ஆனால் வலிக்கும், களைப்பாகும். இந்தத் தாங்குசக்தியை அளக்கக் கருவி கிடையாது. எனக்கு வருகிற சண்டை எல்லாம் இந்த மூன்றாவதில்தான். ஒரே வலியை ஒருவர் தாங்கி வேலை செய்வார், ஒருவரால் முடியாது. பிடித்த வேலையா, மேலதிகாரி எப்படிப்பட்டவர், வீட்டில் எத்தனை பேர் இந்தச் சம்பளத்தை நம்பியிருக்கிறார்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். அதை எண்ணாக்கி எழுதச் சொன்னால் எந்த நேர்மையான மருத்துவரும் தடுமாறத்தான் செய்வார். இப்போதெல்லாம் "உங்களால முடியாதுன்னு நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா செஞ்சா உடம்பு கெட்டுடும்னு என்னால எழுத முடியாது" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் முகம் வாடும். பிறகு பேச்சு வேலையைப் பற்றித் திரும்பும்.

டால்காட் பார்சன்ஸ் என்ற சமூகவியலாளர் 1951-இல் எழுதினார்: நோயாளி என்பது ஒரு சமூகப் பாத்திரம். வழக்கமான கடமைகளிலிருந்து விலக்கு கிடைக்கும், நோய்க்காக யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். பதிலுக்கு அவர் குணமாக விரும்ப வேண்டும், தகுந்த உதவியை நாட வேண்டும். அந்த விலக்குக்கு முத்திரை குத்துகிறவர் மருத்துவர். ஆக, நம்பி வந்தவருக்கு நான் வைத்தியம் பார்க்கவும் வேண்டும், அவர் சொல்வது உண்மையா என்று தீர்ப்புச் சொல்லவும் வேண்டும். நெதர்லாந்தில் இந்த இரண்டையும் பிரித்துவிட்டார்கள். வைத்தியம் பார்க்கும் மருத்துவர் தன் நோயாளியின் வேலைத்தகுதி பற்றிச் சான்று தரக் கூடாது என்பது அங்குள்ள மருத்துவச் சங்கத்தின் நிலை. அதற்குத் தொழில்நல மருத்துவர் தனியாக இருக்கிறார். நோயில் விழுந்த முதல் இரண்டு வருடம் சம்பளத்தில் குறைந்தது 70 சதவீதத்தை முதலாளி தர வேண்டியிருப்பதால், நோயாளி திரும்பி வருவதில் அவருக்கும் அக்கறை உண்டு. பொறாமையாக இருக்கிறது. அதே சமயம், என் நோயாளியை இருபது வருடமாகத் தெரிந்த நான் சொல்லாததை ஒரே ஒரு முறை பார்க்கிறவர் சரியாகச் சொல்வாரா என்ற சந்தேகமும் வருகிறது. இதில் எனக்கு இன்னும் முடிவான கருத்து இல்லை.

நோயின் பெயரை எழுதுவது தனிச் சங்கடம். டிப்ரெஷனில் இருக்கும் இளைஞர் கேட்கிறார்: "டாக்டர், டைஃபாய்டுன்னு எழுதிடுங்க. இதை எழுதினா அங்கே என்னை வேற மாதிரி பாப்பாங்க." அவர் சொல்வது முழு உண்மை. ஆனால் டைஃபாய்டு என்று எழுதினால் அது பொய். தானே நேரில் உறுதி செய்ததற்கு மட்டுமே மருத்துவர் சான்று தர வேண்டும் என்று உலக மருத்துவ சங்கம் 1949-இலேயே தன் நெறிமுறையில் வைத்திருக்கிறது. ஜெர்மனியில் முதலாளிக்குப் போகும் பகுதியில் நோயின் பெயரே இருக்காது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது மட்டும்தான். அதுவே சரி என்பது என் உறுதியான எண்ணம். பெயர் கட்டாயமில்லாத இடத்தில் "என் சிகிச்சையில் இருக்கிறார், மருத்துவக் காரணங்களால் இந்தக் காலத்தில் பணிக்கு வர இயலாது" என்று நிறுத்திக்கொள்கிறேன். கட்டாயமான இடத்தில், அவரிடம் கேட்டு, உண்மைக்குப் புறம்பாகாத பொதுவான சொல் ஒன்றைத் தேடுகிறேன். அந்தச் சொல் கிடைக்கச் சில நாள் அரை மணி நேரம் ஆகும்.

குணமான பிறகு வந்து போன வாரத்துக்குச் சான்றிதழ் கேட்பவர்களுக்கு, "இன்று பரிசோதித்தேன், இன்ன தேதிகளில் காய்ச்சல் இருந்ததாக அவர் கூறினார்" என்று எழுதித் தருகிறேன். சிலர் வாங்காமலே போய்விடுவார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லாமல், அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதற்காக, வேலையிடத்தில் தினமும் அவமானம் தாங்க முடியவில்லை என்பதற்காக வருகிறவர்களும் உண்டு. வேறு கதவு எதுவும் திறக்காததால் என் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களுக்கு இல்லை என்று சொல்லும் நாளில் சரியாகத்தான் செய்தேன் என்று தெரிந்தும் மனம் ஆறுவதில்லை.

இதற்கு நேர்மாறாக, முடியாத நிலையிலும் "ஃபிட்" என்று எழுதச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. வலிப்பு வந்து பத்து நாள்கூட ஆகாத ஓட்டுநர் ஒருவர் என் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லாதவர். "ஒரே ஒரு கையெழுத்து டாக்டர்." நான் போடவில்லை. அவரை வண்டியில் ஏற்றாமல் பணிமனை வேலையில் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் எழுதினேன். அதை அவர் கொண்டுபோய்க் கொடுத்தாரா, வேறொரு மருத்துவரிடம் கையெழுத்து வாங்கினாரா, எனக்குத் தெரியாது. திரும்பி வரவில்லை.

வரலாம், வரக்கூடாது என்ற இரண்டே சொற்களோடு மருத்துவர்கள் மல்லுக்கட்டத் தேவையில்லை. பிரிட்டனில் 2010-இல் பழைய சிக் நோட்டை எடுத்துவிட்டு ஃபிட் நோட் கொண்டுவந்தார்கள். "வேலைக்குத் தகுதியில்லை" என்பதோடு, "இந்த ஆலோசனைகளைக் கடைப்பிடித்தால் வேலைக்கு வர இயலலாம்" என்ற இரண்டாவது கட்டமும் அதில் வந்தது. படிப்படியாகத் திரும்புவது, நேரத்தை மாற்றுவது, பணியை மாற்றுவது, இடத்தில் வசதி செய்வது என நான்கு வழிகள். ஸ்வீடனில் கால், அரை, முக்கால் என்று விடுப்பையே பகுதியாக எழுதலாம். என் தாளில் அப்படிக் கட்டம் எதுவும் இல்லை. கீழே வெற்றிடம் இருக்கிறது. அங்கே எழுதுகிறேன்.

அந்த ஆசிரியைக்கும் அங்கேதான் எழுதினேன். மூன்று வாரம் முழு ஓய்வு, குரல் பயிற்சி, பிறகு தினமும் இரண்டு பீரியட் மட்டும், ஒலிவாங்கியோடு. தாள் திரும்பி வந்தது. முழு ஃபிட் என்றால் வரட்டும், இல்லாவிட்டால் லீவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அவருடைய அனுமதி கேட்டு, என்ன சொல்லலாம் என்ன சொல்லக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு, தலைமை ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் அழைத்தேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "இரண்டு பீரியட் போக மத்த நேரம் அவங்க என்ன செய்யலாம்னு நீங்க எழுதல டாக்டர். அது தெரிஞ்சா நான் ஏற்பாடு பண்ணிடுவேன்" என்றார். விடைத்தாள் திருத்தலாம், நூலகத்தைப் பார்த்துக்கொள்ளலாம், பேசாமல் செய்கிற எதுவும் செய்யலாம் என்று சொன்னேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு மாதம் கழித்து ஆசிரியை வந்தார். கிசுகிசுத்துப் பேசினாலும் குரல்நாணுக்குச் சிரமம் என்று சொல்லியிருந்தேன். பேச வேண்டியதை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கே மிச்சம் பிடித்துக்கொண்டு, என் எதிரே நோட்டுப்புத்தகத்தைத் திறந்து எழுதிக் காட்டினார்: "நாலு பீரியட் எடுத்துப் பாக்கறேன். மூணாவது பீரியட்ல தொண்டை எப்படி இருக்குன்னு குறிச்சு வெச்சுக்கறேன். முடியலேன்னா வந்து சொல்றேன்."

அப்படியே எழுதினேன். நான்கு பீரியட், இடையில் ஒன்று ஓய்வு, ஒலிவாங்கி, மற்ற நேரம் நூலகம். இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை.